மீன்தொட்டி மணலைச் சுத்தம் செய்ய வழி சொல்லுங்கள்

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டில் மூன்றடித் தொட்டி, அடியில் நன்றாக அலசிப் போட்ட காவிரி மணல். அதில் வளர்க்கும் கோரிடோராஸ் மீன்கள் (சிறிய கெளுத்தி வகை) மீசையால் மணலைத் துழாவி இரை தேடுபவை. சரளையில் அவற்றால் அப்படி மேய முடியாது என்பதால் மணலை மாற்றும் எண்ணம் இல்லை.

பிரச்சினை சுத்தம் செய்வதில்தான். கழிவு உள்ளே இறங்காமல் மேலேயே பழுப்பாகப் படிகிறது. கழிவை உறிஞ்சியெடுக்கும் சைஃபன் குழாயைக் கிட்டே கொண்டுபோனால் மணலும் சேர்ந்து வாளிக்கு வந்துவிடுகிறது, தூக்கிப் பிடித்தால் கழிவு அசையவே மாட்டேன் என்கிறது. நீங்கள் எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறீர்கள்? மெல்லிய குழாய் போட்டால் சரியாக வருமா?

அப்புறம் இன்னொன்று. கண்ணாடி ஓரமாக மணலுக்கடியில் கறுப்புத் திட்டுகள் தெரிகின்றன. விரலால் குத்தினால் குமிழி கிளம்பி அழுகிய முட்டை நாற்றம். அந்த நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு மீனுக்கு நஞ்சு என்பதால் மொத்தமாகக் கிளறப் பயமாக இருக்கிறது. தண்ணீர் மாற்றும்போது ஒவ்வொரு மூலையாகக் கிளறினால் போதுமா? மலேசியன் ட்ரம்பெட் நத்தை மணலுக்குள் புகுந்து புரட்டிவிடும் என்கிறார்கள். விட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அது பெருகித் தொட்டியை நிறைத்துவிடுமோ என்றும் யோசனை. தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.