பக்கவாத அபாயம்: பி.பி. மட்டும் பார்த்தால் போதுமா?

பாலக்கோடு வாசி: அம்மாவுக்கு 66 வயசு. மக்களைத் தேடி மருத்துவத்துல பி.பி. மாத்திரை வாங்குறாங்க. நாடி தாறுமாறா ஓடுது, ஈ.சி.ஜி. எடுங்கன்னு சொல்றாங்க. பக்கவாதத்துக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?

அரூர் செவிலி: நேரடி சம்பந்தம். அமெரிக்காவுல நடந்த ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வை வச்சு நரம்பியல் மருத்துவர் பிலிப் வுல்ஃப் குழு 1991-ல காட்டினது இதைத்தான்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது நாடியைத் தாறுமாறா ஓட வைக்கிற இதயத் துடிப்புக் கோளாறு, இருந்தா பக்கவாத அபாயம் கிட்டத்தட்ட 5 மடங்கு. இதயத்தோட மேலறை சுருங்காம நடுங்கும். இடது மேலறையின் சின்னப் பையில ரத்தம் தேங்கி உறையும். அந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைக்கும். பி.பி. சரியா இருந்தாலும் இது நடக்கும். ஈ.சி.ஜி.யைத் தள்ளிப் போடாதீங்க. ஒரு தடவை நார்மல்னு வந்தாலும் முடிஞ்சுதுன்னு நினைக்க வேணாம், விட்டுவிட்டு வர்ற கோளாறு அது.

கிருஷ்ணகிரி மருந்தாளுநர்: இந்தக் கோளாறு உறுதியானா ஆஸ்பிரின் போதாது. ரத்தம் உறையாம தடுக்கிற வார்ஃபரின் எழுதினா, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை அளவு) பெரும்பாலும் 2-3க்குள்ள நிக்கணும். கீரையை நிறுத்த வேண்டாம், வாராவாரம் ஒரே அளவு சாப்பிடட்டும். திடீர்னு கூட்டினா மருந்து வேலை செய்யாது, குறைச்சா ரத்தக்கசிவு. மூட்டுவலிக்குன்னு கடையில டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடுறதுதான் பெரிய வம்பு, வார்ஃபரினோட சேர்ந்தா ரத்தக்கசிவு.

அரூர் செவிலி: இன்னொண்ணு. வாய் கோணினா, ஒரு பக்கக் கை விழுந்தா, பேச்சு குழறினா உடனே 108. கடைசியா நல்லா இருந்த நேரத்தைக் குறிச்சுக்கோங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு வழக்கமா 4.5 மணி நேரம்தான். சி.டி. ஸ்கேன் எடுக்கிற வரைக்கும் ஆஸ்பிரின் கொடுக்காதீங்க, மூளையில ரத்தக்கசிவா இருந்தா கெடுதல். வார்ஃபரின் சாப்பிடுறவங்கன்னா மருந்துச் சீட்டையும் கையில எடுத்துட்டுப் போங்க.