180 எங்கே போனது? வணிகவியலும் கணிதமும் படித்தவர்கள் சொன்னவை

கேட்டவர்:
என் தங்கை பள்ளிப்படிப்பை முடித்துவிட்டாள். வணிகவியல் படித்தால்தான் வேலை என்கிறார் அப்பா. அவளுக்கோ கணிதத்தில்தான் ஆசை. இரண்டில் ஒன்றைப் படித்து வேலைக்குப் போனவர்கள், நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள். அறிவுரை வீட்டிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கிறது.

கணிதம் படித்தவர்:
பட்டம் வாங்கிய கையோடு ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு நேர்காணலுக்குப் போனேன். "தேய்மானத்துக்கு என்ன பதிவு போடுவீர்கள்?" என்று கேட்டார்கள். மூன்று ஆண்டுகள் இயற்கணிதமும் நுண்கணிதமும் படித்த எனக்குத் தேய்மானம் என்றதும் செருப்புதான் நினைவுக்கு வந்தது. இயந்திரம், வண்டி போன்றவற்றின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இன்னும் மூன்று இடங்களில் இதே கதை. வணிகவியல் பட்டத்தைக் கண்டால் என்ன வேலை கொடுக்கலாம் என்று ஆள் எடுப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. கணிதப் பட்டத்தைக் கண்டால், "ஆசிரியர் வேலைக்குப் போகவில்லையா?" என்கிறார்கள்.

ஐந்தாவது இடத்தில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். மாதக் கடைசி. எல்லாக் கணக்குகளின் பற்றையும் வரவையும் தனித்தனியே கூட்டி, இரண்டும் சமமா என்று பார்க்கிற இருப்பாய்வில் 180 வித்தியாசம். பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து கூட்டத் தொடங்கினேன். பக்கத்து இருக்கையில் இருந்த மூத்த கணக்காளர் எட்டிப் பார்த்தார். "ஒன்பதால் வகுபடுகிறதே தம்பி, எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கும். நூறாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் இரண்டு வித்தியாசம் வருகிற தொகையைத் தேடு."

பத்து நிமிடத்தில் அகப்பட்டது. 5,640 என்பதை 5,460 என்று எழுதியிருந்தார்கள். ஏன் ஒன்பது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்னதாம். 10அ + ஆ என்பதிலிருந்து 10ஆ + அ என்பதைக் கழித்தால் 9(அ − ஆ) என்று துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "நல்லது. இது அகப்படாவிட்டால் பாதித் தொகையான 90ஐத் தேடியிருக்க வேண்டும். பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருப்பார்கள்" என்று அடுத்ததற்குப் போய்விட்டார். காரணம் எனக்கு உடனே விளங்கியது. ஆனால் தானாகத் தோன்றியிருக்காது.

ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்றிலும் வரவிலுமாக இரு இடங்களில் எழுதுகிற இரட்டைப் பதிவு முறையை 1494இல் அச்சில் விளக்கிய லூக்கா பச்சோலி ஒரு கணித ஆசிரியர். நேர்காணலில் இதைச் சொல்லியிருக்கலாமோ என்று அவ்வப்போது தோன்றும். சொல்லியிருந்தாலும் தேய்மானப் பதிவைத்தான் கேட்டிருப்பார்கள்.

வணிகவியல் படித்தவர்:
எனக்கு நேர்மாறு. மூன்றாம் மாதமே ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை. ஆறு ஆண்டுகள் கழித்து, காப்பீட்டில் ஆக்சுவரி ஆகலாம் என்று ஆசை வந்தது. எந்த வயதுக்காரர் எத்தனை ஆண்டு வாழ வாய்ப்பு என்றெல்லாம் கணித்து, பிரீமியம் எவ்வளவு என்று சொல்கிற வேலை அது. தொடக்கத் தாள்களிலேயே நிகழ்தகவும் தொகையீடும் வந்து நின்றன. இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை கட்டணம் கட்டவில்லை.

என்னோடு எழுதிய கணிதப் பட்டதாரி அந்தத் தாளில் தேறிவிட்டார். நிதி அறிக்கைகள்தான் அவருக்குப் புரியவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன், நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டுகிற ஐந்தொகையை வாசிக்கப் பழகிவிட்டார். பதிலுக்கு அவர் எனக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுத்தார். பாவம், அவர் மேல் தப்பில்லை. உங்கள் தங்கைக்குக் கணிதம் பிடிக்கும் என்றால் அதையே படிக்கட்டும். கணக்குப்பதிவியலை மாலை வகுப்பில்கூடப் பிடித்துவிடலாம்.

ஆள் எடுப்பவர்:
மேலே உள்ளவர் சொல்வதை முழுதாக ஏற்க மாட்டேன். வீட்டுக்குச் சம்பளம் உடனே வேண்டுமென்றால் வணிகவியல்தான். மற்றபடி, நான் எல்லாருக்கும் ஒரே எக்செல் தாளைத்தான் கொடுக்கிறேன். அதில் கூட்டுத்தொகை தப்பாக வரும். கணிதம் படித்தவர்கள் சூத்திரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வணிகவியல் படித்தவர்கள் கால்குலேட்டரை எடுத்து மறுபடி கூட்டுவார்கள். சென்ற வாரம் ஒரு பெண், வரிசையில் ஓர் எண் மட்டும் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி, "இது எண்ணாகப் பதிவாகவில்லை, எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது, அதனால்தான் கூட்டலில் சேரவில்லை" என்றாள். வேலை அவளுக்குத்தான். என்ன பட்டம் என்று கேட்காதீர்கள், நினைவில்லை.

கேட்டவர்:
தங்கையிடம் காட்டினேன். இலக்கங்கள் அடுத்தடுத்து இல்லாமல் ஓர் இடம் தள்ளி மாறினால் 99 வருகிறதா என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்பா வணிகவியல் விண்ணப்பத்தை இன்னும் கீழே வைக்கவில்லை.