கடல் 'அமிலமாதல்' வேண்டாம், 'அமிலவேற்றம்' என்போம்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கடல்நீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்து உண்டாகும் மாற்றத்துக்கு, ஏற்கெனவே புழங்கும் 'அமிலமாதல்' என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். "கடலு ஆசிடா மாறுதா? நாங்க தண்ணிக்குள்ளயே கிடக்கோம், மேலெல்லாம் புண்ணாயிருமா?" என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. சொல் அப்படித்தானே சொல்கிறது! தொழிற்புரட்சிக்கு முன் கடலின் மேல்மட்ட நீருக்குப் பி.எச். (அமில-கார அளவு) சுமார் 8.2, இன்று உலகச் சராசரி 8.1 அளவில் இருக்கிறது. 7-க்கு மேல் இருக்கிறவரை அது காரம்தான். அதற்காக 0.1 தானே என்று விட்டுவிடவும் முடியாது. இது மடக்கை அளவுகோல் (ஓர் எண் இறங்கினால் பத்து மடங்கு கூடும்) என்பதால், அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டன என்று அர்த்தம்.

'காரத்தேய்வு' என்ற இன்னொரு பரிந்துரை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் 'காரத்தன்மை' என்று அளப்பது, நீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்பதை. கார்பன் டை ஆக்சைடு கரைவதால் மட்டும் அந்த அளவு குறைவதில்லை. வேதியியல் படித்தவர்கள் முதல் வரியிலேயே மறுப்பார்கள்.

நடப்பது இதுதான். கரைந்த வாயு தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனி, கடலில் இருக்கும் கார்பனேட்டைப் பிடித்துப் பைகார்பனேட் ஆக்கிவிடுகிறது. சங்கும் சிப்பியும் பவளமும் ஓடு கட்ட நம்பியிருப்பது அந்தக் கார்பனேட்டை. கால்சியத்துக்குக் கடலில் பஞ்சமே இல்லை. அதோடு சேர வேண்டியதுதான் குறைகிறது. அதே ஓட்டைக் கட்ட உயிர் கூடுதலாகச் சக்தி செலவழிக்க வேண்டியிருக்கிறது.

பள்ளிகளில் சங்குத் துண்டின்மேல் எலுமிச்சைச் சாறு விட்டுக் காட்டுகிறோம். பொடிப்பொடியாக நுரை கிளம்பும். கொஞ்ச நேரம் கழித்துத் தடவினால் வழவழப்புப் போய்ச் சொரசொரக்கும். 'அமிலமாதல்' என்று சொல்லிவிட்டு இதையும் காட்டினால், மன்னார் வளைகுடாவில் சங்கெல்லாம் இப்படிக் கரைகிறது என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். (2010-லும் 2016-லும் இங்கே பவளம் வெளிறியது நீர் சூடேறியதால், அதையும் இதோடு குழப்பக் கூடாது.)

நம் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் 'உப்பேறிப் போச்சு' என்கிறோம். கிணறே உப்பாகிவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. முன்னைவிடக் கூடியிருக்கிறது என்பதை 'ஏறுதல்' என்ற வினையே சொல்லிவிடுகிறது. அதனால் 'அமிலமேறுதல்', பெயராக 'அமிலவேற்றம்' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. விலையேற்றம் போல வாயில் நிற்கும். 'கடல் அமிலமேறுகிறது', 'அமிலமேறிய நீர்' என்று வாக்கியத்திலும் இடறாமல் வரும்.

அமிலம் என்ற சொல் இருந்தால் பயம் போகாதே என்று கேட்கலாம். அதை எடுத்துவிட்டால் காரணமும் சேர்ந்து போய்விடும். கார்பானிக் அமிலத்தைச் சொல்லாமல் இதை விளக்க வழியில்லை.

சரி, மண்டபம் வட்டாரப் பள்ளிகளுக்கான சுவரொட்டியில் 'கடல் அமிலவேற்றம்' என்றே போட நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.