ஊலைட்: சுழலும் நிலையத்துக்குள் நுழைய முடியவில்லை, உதவுங்கள்

ஊலைட் 1.90 (விண்வெளி வியாபார விளையாட்டு), லினக்ஸ் லேப்டாப், கப்பல் கோப்ரா மார்க் 3, ஜாய்ஸ்டிக் கிடையாது, விசைப்பலகைதான். லேவ் கிரகத்தில் உணவு ஏற்றி, தொழில்துறைக் கிரகத்தில் விற்று, கம்ப்யூட்டரோடு திரும்பும் வியாபாரம் நன்றாகவே போகிறது, கொள்ளையரையும் சமாளித்துவிடுகிறேன். சுழலும் கொரியோலிஸ் விண்வெளி நிலையத்தில்தான் சிக்கல்: கடைசி நொடியில் அதன் நுழைவாயில் சாய்ந்து, கப்பலின் ஓரம் உரசி, கவசம் மளமளவென இறங்கி வெடித்துவிடுகிறது, சரக்கும் போச்சு.

அனுமதி கேட்டுத்தான் போகிறேன். வாயில் கிரகத்தைப் பார்த்தே இருக்கும் என்பதால் அந்தப் பக்கம் தள்ளிப் போய் நேர்கோட்டில் வந்தேன், அப்புறம் வேகத்தைக் குறைத்தும் கூட்டியும் பார்த்தேன். அம்பு விசையை அழுத்தினால் உருளல் (கப்பல் தன் அச்சில் சுழல்வது) கூடிவிடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. தானாகவே நிலையத்துக்குள் நுழைக்கும் டாக்கிங் கம்ப்யூட்டர் வாங்க 1500 கிரெடிட் சேரும்வரை கையால்தான்.

விசைப்பலகையில் ஆடுபவர்கள் எவ்வளவு தூரத்தில் உருளலைத் தொடங்கி, வாயிலோடு எப்படி ஒத்துப்போக வைக்கிறீர்கள்?