வடக்கு விஸ்கான்சினில் மான்களுக்குத் தீவனப் பாத்தி போட்டோம்: இது சரியா?

மேடிசன்வாசி எழுதியது:

போன வார இறுதியில் என் சம்பந்தி வீட்டாரோடு அவர்களுடைய காட்டுக் கேபினுக்குப் போயிருந்தோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நாங்கள் வாழும் மேடிசனிலிருந்து வடக்கே மூன்றரை மணி நேரப் பயணம். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அந்தக் குடும்பம் முழுவதும் அங்கே கூடிவிடும். சம்பந்தி, அவருடைய இரண்டு தம்பிகள், என் மகன், மருமகள், பேரப் பிள்ளைகள், இந்த முறை நானும் என் மனைவியும். வேலை ஒன்றுதான்: மான்களுக்கு விதைப்பது.

காட்டுக்கு நடுவே மரமில்லாத அரை ஏக்கர் வெட்டவெளி. அதை அவர்கள் ஃபுட் பிளாட் என்கிறார்கள். நாம் தீவனப் பாத்தி என்று வைத்துக்கொள்ளலாம். சென்ற ஆண்டு மண் பரிசோதனை செய்தபோது கார அமில அளவு (pH) 5.4 என்று வந்ததாம்; ஏழுக்குக் குறைந்தால் அமில மண். ஊசியிலை மரங்கள் நின்ற மண் பெரும்பாலும் புளித்துத்தான் இருக்கும். அந்தப் புளிப்பை முறிக்கும் சுண்ணாம்பு வேலை செய்யப் பல மாதம் ஆகும் என்பதால், இலையுதிர் காலத்திலேயே நாற்பது பவுண்டுப் பைகளாக ஐம்பது பை, அதாவது ஒரு டன், தூவிவிட்டார்கள். இந்த முறை மண்ணைக் கிளறி, ஒரு பாதியில் டர்னிப் கிழங்கும் முள்ளங்கியும், மறு பாதியில் ஓட்ஸோடு சேர்த்து க்ளோவர் என்ற மூவிலைத் தீவனச் செடியும் விதைத்தோம்.

விதைப்பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுழற்றியபடி சம்பந்தியம்மா முன்னால் நடந்தார். டர்னிப் விதை நம் கடுகைப் போலவே இருக்கிறது. அதுவும் கடுகுக் குடும்பம்தானே. "அகல உழுவதைவிட ஆழ உழு" என்று கேட்டு வளர்ந்தவன் நான். க்ளோவர் விதையோ கால் அங்குலத்துக்குக் கீழே போனால் முளைத்து மேலே வரத் திணறும். அதனால் விதையை மண்ணால் மூடாமல், உருளையை மட்டும் ஓட்டி மண்ணோடு அழுத்தினோம். சிறுவயதில் அப்பா பரம்படிக்கும்போது எடைக்காக என்னைப் பலகை மேல் உட்காரவைப்பார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நிலத்தில் புழுதியோடு நின்றேன். அந்த மகிழ்ச்சியைச் சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

ஆனால் திரும்பி வந்ததும் நண்பர் ஒருவர், "நீங்கள் போட்டது தீவனம் இல்லை, தூண்டில்" என்றார். நவம்பரில் அந்தக் குடும்பம் அங்கே வேட்டைக்குப் போகும் என்பது உண்மை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வெண்தேவதாரு எழுதியது:

ஐயா, உங்கள் மகிழ்ச்சியைக் குலைக்க மனமில்லை. ஆனாலும் உங்கள் நண்பர் சொன்னதில் எனக்கு உடன்பாடு உண்டு. நான் மினசோட்டாவில் காடு மீட்பு வேலைகளில் தன்னார்வலராக இருக்கிறேன்.

மான்களைத் தாக்கும் ஒரு கொடிய நோய் இருக்கிறது. மூளையைச் சிறுகச் சிறுகத் துளைத்து, மானை எலும்பும் தோலுமாக்கிக் கொல்லும் நோய். நாட்பட்ட மெலிவு நோய் என்று சொல்லலாம். 1967-இல் கொலராடோவில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. உங்கள் விஸ்கான்சினில் 2002-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைப் பரப்புவது கிருமிகூட இல்லை, பிரையான் என்ற உருக்குலைந்த புரதம். எச்சில், சிறுநீர், சாணம் வழியாக வெளியேறி, மண்ணில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும். தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. இருபது மானை ஒரே இடத்துக்கு வரவழைக்கும் எந்த ஏற்பாடும் அந்த நோய்க்குக் கதவைத் திறந்துவைக்கிறது. மக்காச்சோளத்தைக் குவித்துப் போட்டால் பல இடங்களில் குற்றம், அதையே முளைக்கவைத்துக் கொடுத்தால் புண்ணியமா?

அடுத்தது காடு. ஒரு மான் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று கிலோ தின்னும். இருபது மான் வந்தால் உங்கள் அரை ஏக்கர் சில வாரங்களில் மொட்டையாகிவிடும். அதன் பிறகு அவை எங்கே போகும்? சுற்றியுள்ள காட்டில்தான் மேயும். ட்ரில்லியம் என்ற வெள்ளை மூவிதழ்ப் பூவைப் பார்த்திருப்பீர்கள். விதையிலிருந்து பூக்க அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மான் ஒரு கடியில் முடித்துவிடும். ஹெம்லாக், வெண் சீடார் என்ற ஊசியிலை மரங்களின் கன்றுகள் மானின் வாயைத் தாண்டி வளர முடியாமல் பல காடுகளில் கிழமரங்கள் மட்டும் நிற்கின்றன. அவை விழுந்தால் வாரிசு இல்லை. இந்த நிலையில் மானுக்கு மேலும் விருந்து வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏரிக்கரை எழுதியது:

மிச்சிகனில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேட்டையாடுகிறேன், நானே இரண்டு பாத்தி வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

வெண்தேவதாரு அவர்கள் குவியலையும் பாத்தியையும் ஒன்றாக்குகிறார். சட்டமே இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது. எங்கள் மாநிலத்தின் கீழ்த் தீபகற்பத்தில் 2019 ஜனவரி முதல் மான்களுக்குத் தீனி குவிப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது; பயிர் விதைப்பது தடையில் இல்லை. சோளக் குவியலில் பத்து மான் ஒரே வாளியளவு இடத்தில் மாறி மாறி மூக்கை நுழைக்கும். அரை ஏக்கர் பயிரில் ஆளுக்கொரு மூலையில் மேயும். கடும் குளிரில் திடீரென்று சோளத்தைக் கொட்டினால் மானின் வயிறு அமிலமாகிச் செத்தும் போகும், ஏனென்றால் அதன் இரைப்பை நுண்ணுயிர்கள் அப்போது குச்சிக்கும் மொட்டுக்கும் பழகியிருக்கும். க்ளோவரை அது வசந்தத்திலிருந்தே தின்கிறது. அந்த ஆபத்து இதில் இல்லை.

மேடிசன்வாசி ஐயாவுக்கு இரண்டு யோசனை. ஒன்று, பாத்திக்கு நடுவே மூன்றடி அகலத்தில் ஒரு கம்பிக் கூண்டு நட்டுவையுங்கள். உள்ளே எவ்வளவு வளர்ந்திருக்கிறது, வெளியே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால் உங்கள் காட்டில் மான் எந்த அளவு என்று தெரிந்துவிடும். இரண்டு, செப்டம்பர் தொடக்கத்தில் வெற்றிடங்களில் ரை தானியத்தைத் தூவுங்கள். ரை புல் என்று வேறொன்று விற்கிறார்கள், பெயரைப் பார்த்து ஏமாந்து அதை வாங்கிவிடாதீர்கள். என் முதல் பாத்தியை அந்தப் புல்தான் அடைத்துக்கொண்டது.

கொடிமுல்லை எழுதியது:

நோய், சட்டம், புல் எல்லாம் இருக்கட்டும். நம்பி வந்து தின்னும் உயிரை, தின்னும் இடத்திலேயே சுடுவது எப்படி மனத்துக்கு ஒப்புகிறது? சோறு போட்ட கை அது. நான் அசைவம் சாப்பிடாதவள் என்பதால் மட்டும் சொல்லவில்லை. காட்டில் அலைந்து, தடம் பார்த்து, மானுக்குத் தப்ப வாய்ப்புக் கொடுத்து வேட்டையாடுகிறவரை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பேரக் குழந்தைகளை விதைக்கச் சொல்லிவிட்டு, மூன்று மாதம் கழித்து அதே பாத்தியின் ஓரத்தில் பரண் மேல் உட்கார்ந்து சுடுவதைப் புரிந்துகொள்ள முடியவில்லை. அந்தக் குழந்தைகள் எதைக் கற்றுக்கொள்கிறார்கள்?

மேடிசன்வாசி எழுதியது:

சகோதரி, உங்கள் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. சம்பந்தியிடமே தொலைபேசியில் கேட்டேன்.

அவர் சொன்னது இது. அந்தப் பாத்தியில் குடும்பத்தார் சுடுவதில்லை. பரண் அங்கிருந்து முந்நூறு கெஜம் தள்ளி, மான்கள் படுக்கைக்கும் மேய்ச்சலுக்கும் நடக்கும் தடத்தில் இருக்கிறது. பாத்தியிலேயே துப்பாக்கி வெடித்தால் மான்கள் பகலில் அங்கே வருவதை நிறுத்திவிடும் என்பதும் ஒரு காரணம் என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். பேரப் பிள்ளைகளிடமும் அவர் எதையும் மறைப்பதில்லை. வேட்டைக்குத்தான் விதைக்கிறோம், ஆண்டு முழுவதும் அது தின்னட்டும், நவம்பரில் நாம் ஒன்றிரண்டை எடுப்போம், எடுத்ததில் ஒரு துண்டும் வீணாகக்கூடாது என்றுதான் சொல்லி வளர்க்கிறார். மருமகள் வீட்டில் குளிர்காலம் முழுவதும் அந்த இறைச்சிதான். கடையில் நெகிழித் தட்டில் வாங்கும் கோழி எப்படி வாழ்ந்தது என்று கேட்காத நாம், இந்த மானைப் பற்றி மட்டும் கேட்கிறோம் என்பதும் என் மனத்தில் ஓடியது.

கொடிமுல்லை எழுதியது:

முந்நூறு கெஜம் தள்ளி என்றாலும், அந்தத் தடத்தில் அது நடப்பது உங்கள் பாத்தியை நோக்கித்தான். கோழியைப் பற்றியும் நான் கேட்கிறேன், அதனால்தான் அதையும் விட்டுவிட்டேன். குழந்தைகளிடம் மறைக்கவில்லை என்பதை மட்டும் ஏற்கிறேன்.

வெண்தேவதாரு எழுதியது:

கொடிமுல்லை அவர்களோடு எனக்கு ஒரு வேறுபாடு. மான்களைச் சுடக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஓநாய்கள் விஸ்கான்சினில் 1960 வாக்கில் அடியோடு ஒழிக்கப்பட்டன. எழுபதுகளில் மினசோட்டாப் பக்கமிருந்து மெல்லத் திரும்பின. தென்பகுதிப் பண்ணை நாட்டில் இன்றும் பெரும்பாலும் கிடையாது. கொன்று தின்னும் விலங்கு இல்லாத இடத்தில் வேட்டைக்காரர் தேவை. என் குறை, சுடுவதைப் பற்றியது இல்லை, பெருக்குவதைப் பற்றியது.

உங்கள் மாநிலத்திலேயே ஒரு குடும்பத்தின் கதை இருக்கிறது. ஆல்டோ லியோபோல்ட் என்ற காட்டுயிர் மேலாண்மைப் பேராசிரியர் 1935-இல் விஸ்கான்சின் ஆற்றங்கரையில் வளமிழந்த ஒரு பண்ணையை வாங்கினார். அங்கே மிஞ்சியிருந்த கோழிக்கூண்டைத் தங்கும் குடிலாக மாற்றினார். வார இறுதிகளில் மனைவி, ஐந்து பிள்ளைகளோடு அங்கே போவார். ஒவ்வொரு வசந்தத்திலும் ஆயிரக்கணக்கான பைன் கன்றுகளை நட்டார்கள். வறட்சியில் பெரும்பாலானவை கருகின, மறுபடியும் நட்டார்கள். அவரும் வேட்டைக்காரர்தான். காட்டில் மான் மிஞ்சிப் போய்விட்டது, பெண் மான்களையும் சுட வேண்டும் என்று மாநிலத்தின் இயற்கைப் பாதுகாப்பு ஆணையத்தில் இருந்துகொண்டு வாதாடினார். 1943-இல் அப்படி அனுமதித்தபோது மக்கள் கொதித்துப் போனார்கள். வேட்டைக்காரர்களே அவரை எதிர்த்தார்கள்.

உங்கள் சம்பந்தி குடும்பத்திடம் அதே நிலம், அதே வார இறுதி, அதே உழைப்பு இருக்கிறது. ஐம்பது பைச் சுண்ணாம்பு சுமந்தவர்கள் ஐம்பது சீடார் கன்றுக்கு வேலி கட்ட முடியாதா? கேபினைச் சுற்றி ஆஸ்பன் மரங்கள் இருந்தால் குளிர்காலத்தில் ஒரு பகுதியை வெட்டிப் பாருங்கள். வேரிலிருந்து மறு வசந்தமே நூற்றுக்கணக்கில் துளிர் வரும். மானுக்கும் தீனி, காட்டுக்கோழிக்கும் மறைவிடம், உரமும் களைக்கொல்லியும் வேண்டாம்.

ஏரிக்கரை எழுதியது:

ஆஸ்பன் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன், நானும் அதைச் செய்கிறேன். ஆனால் ஒன்றை நீங்கள் பார்க்கத் தவறுகிறீர்கள். பாத்தி இல்லையென்றால் பல குடும்பங்கள் அந்த நிலத்துக்கு நவம்பரில் துப்பாக்கி வேட்டை நடக்கும் ஒன்பது நாள் மட்டும்தான் போவார்கள். விதைப்பதற்காக ஏப்ரலில் போகிறார்கள், ஆகஸ்டில் போகிறார்கள். மண்ணைப் பரிசோதிக்கிறார்கள், எந்தப் புல் எங்கே முளைக்கிறது என்று குனிந்து பார்க்கிறார்கள். என் மகனுக்கு க்ளோவர் வேரில் உள்ள முடிச்சுகள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தரும் என்பது பள்ளிக்கூடத்தில் தெரியவில்லை, பாத்தியில் ஒரு செடியைப் பிடுங்கியபோது தெரிந்தது. நிலத்தில் நிற்கிறவனிடம்தான் சீடார் நடச் சொல்ல முடியும்.

வெண்தேவதாரு எழுதியது:

அது நியாயமான வாதம். என்றாலும் எத்தனை பேர் பாத்தியிலிருந்து சீடாருக்கு நகர்கிறார்கள்? நான் பார்த்தவரை பெரும்பாலோர் அடுத்த ஆண்டு இன்னொரு பாத்திதான் போடுகிறார்கள், கிளைத்த பெரிய கொம்புள்ள ஆண் மானுக்காக. பெண் மானை எடுக்க யாரும் அவ்வளவு ஆசைப்படுவதில்லை. மேடிசன்வாசி ஐயா, உங்கள் சம்பந்தியிடம் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பெண் மான்? தலைகளை நோய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தாரா?

மேடிசன்வாசி எழுதியது:

கேட்டேன். ஐந்து ஆண்டுகளில் ஏழு ஆண், இரண்டே இரண்டு பெண். கணக்கைச் சொல்லும்போதே அவர் குரல் தணிந்துவிட்டது. பரிசோதனைக்கு ஒரே ஒரு முறைதான் கொடுத்திருக்கிறார். மாநில இயற்கை வளத் துறை இலவசமாகவே செய்கிறது, தலையைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தால் போதும். நோயுள்ள மானை உண்டு மனிதருக்கு நோய் வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை என்றாலும், நோய் இருப்பது தெரிந்தால் உண்ண வேண்டாம் என்றுதான் அரசின் நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது. என் பேத்திக்கு நான்கு வயது. அந்த இறைச்சி அவள் தட்டுக்கும் போகிறது. இனி எடுக்கும் ஒவ்வொன்றையும் பரிசோதிக்காமல் சமைப்பதில்லை என்று மருமகள் அன்றே சொல்லிவிட்டாள்.

பாத்தியை விடமாட்டேன் என்கிறார் சம்பந்தி. அவர் அப்பா திறந்துவிட்ட இடம் அது. நானும் விடச் சொல்லவில்லை, சொல்ல எனக்கு மனமும் வரவில்லை. ஆனால் இந்த நவம்பரில் முதல் இரண்டு அனுமதிச் சீட்டும் பெண் மானுக்கே என்று தம்பிகளிடம் பேசிவிட்டார். வேலி கட்டி முப்பது சீடார் வைப்பது வசந்தத்தில். ஐம்பது கேட்டீர்கள், அவருக்கு முதுகு வலி, முப்பதுக்குச் சம்மதித்தார்.

கம்பிக் கூண்டு நேற்று நட்டாயிற்று. டர்னிப் மூன்றாம் இலை விட்டிருக்கிறது என்று மகன் படம் அனுப்பினான். கூண்டுக்கு வெளியேயும் இப்போதைக்கு அதே உயரம்தான். உறைபனி விழுந்த பிறகுதான் டர்னிப் இலை இனிக்கும், அதுவரை மான்கள் அவ்வளவாகத் தொடாது என்கிறார்கள். அக்டோபர் கடைசியில் உள்ளும் வெளியுமாக இரண்டு படம் இங்கே போடுகிறேன்.

வெண்தேவதாரு எழுதியது:

காத்திருக்கிறேன் ஐயா. படத்தில் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலையும் நட்டுவையுங்கள். காட்டு ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கீழே ஏதாவது மரக்கன்று தப்பியிருக்கிறதா என்று பேரப் பிள்ளைகளைத் தேடச் சொல்லி, அதையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.