புது டயர் போட்டதுல இருந்து ஸ்டீயரிங் ஆடுது, வண்டி இடது பக்கம் இழுக்குது. ரெண்டு தடவை அலைன்மெண்ட் பாத்தாச்சு

மாந்தோப்பு_சந்தூர்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2014 ஸ்விஃப்ட் டீசல், ஸ்டீல் ரிம், டயர் சைஸ் 165/80 ஆர்14. போன வாரம் கிருஷ்ணகிரில ஒரு கடையில முன்னாடி ரெண்டு டயரும் புதுசு போட்டேன். பேலன்ஸிங் (வீல் எடையை சமப்படுத்துறது), அலைன்மெண்ட் (வீல் கோணத்தை சரி பண்றது) எல்லாம் பில்லுல இருக்கு. டவுனுக்குள்ள ஒண்ணும் தெரியல, ஞாயித்துக்கிழமை தர்மபுரில மச்சான் வீட்டுக்கு கிளம்பினோம், காவேரிப்பட்டணம் தாண்டி 80ஐ தொட்டதும் ஸ்டீயரிங் கிடுகிடுன்னு ஆட ஆரம்பிச்சுது, 90ல கை மரத்துப் போற அளவுக்கு உதறுது, 110 போனா கொஞ்சம் அடங்குது. அது போதாதுன்னு கையை லேசா விட்டா வண்டி இடது பக்கமாவே போகுது. பழைய டயர் மொட்டையா இருந்தப்ப கூட இந்த ரெண்டும் இல்லைங்க. திரும்பக் கடைக்கு போனா இன்னொரு தடவை அலைன்மெண்ட் மிஷின்ல ஏத்தி, பாருங்க சார் எல்லாம் பச்சை காட்டுதுன்னு அனுப்பிட்டாங்க. ஊர்ல ஒரு மெக்கானிக் ஸ்டீயரிங்கை வீலோட சேக்குற ராக்கே போச்சுங்கறார். நம்பலாமா?

நாலுவழிச்சாலை:
லோயர் ஆர்ம் புஷ் (முன் சஸ்பென்ஷன்ல இருக்கற ரப்பர்) மாத்திப் பாருங்க ப்ரோ, எனக்கும் இதே மாதிரிதான் ஆடுச்சு, மாத்துனதும் சரி ஆயிடுச்சு.

ஸ்பேனர்_தாத்தா:
தம்பி அவசரப்பட்டு ராக், புஷ்னு எதையும் கழட்டாதீங்க. பத்து வருஷ வண்டில புஷ் தேஞ்சிருக்கலாம், ஆனா டயர் மாத்துன அன்னிக்கே எல்லாம் சேந்து போகாது. என்ன மாத்துனமோ அங்கதான் முதல்ல தேடணும். நான் காரிமங்கலத்துல முப்பது வருஷம் பட்டறை வச்சிருந்தவன், இப்ப கண்ணு சரியில்ல, பையன் பாத்துக்கறான்.

நீங்க சொல்றது ஒரு கோளாறு இல்ல, ரெண்டு. ஆடுறது வேற, இழுக்குறது வேற. ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிட்டு கடைக்கு போனா அவங்களுக்கு தெரிஞ்ச ஒரே வைத்தியம் அலைன்மெண்ட்தான்.

முதல்ல ஆட்டம். ஒரு குறிப்பிட்ட ஸ்பீடுல வந்து அதுக்கு மேல கொஞ்சம் அடங்குதுன்னா பெரும்பாலும் பேலன்ஸ்தான். அலைன்மெண்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. உங்க சைஸ் டயர் 100ல போறப்ப செகண்டுக்கு 14 சுத்து சுத்தும். ரிம் விளிம்புல ஒரு பக்கம் 30 கிராம் கூடுதலா இருந்தாலே அந்த ஸ்பீடுல அது நாலு கிலோ அளவுக்கு இழுக்கும், அதுவும் ஒவ்வொரு சுத்துக்கும் திசை மாத்தி மாத்தி. 50ல போனா அதுல கால்வாசிதான். அதான் டவுன்ல உங்களுக்கு தெரியல. ஸ்டீயரிங்ல ஆடுனா முன் வீல், சீட்டுலயும் அடியிலயும் ஆடுனா பின் வீல்னு பொதுவா வச்சுக்கலாம். பிரேக் மிதிக்கறப்ப மட்டும் ஆடுனா அது பிரேக் டிஸ்க் கோளாறு, அதைப் பத்தி நீங்க எதுவும் சொல்லல. ஆடுதா, சொல்லுங்க.

இழுக்குறதுக்கு வருவோம். ஸ்டீயரிங் கோணலா நின்னு வண்டி நேரா போச்சுன்னா அது அலைன்மெண்ட். ஸ்டீயரிங் நேரா வச்சிருக்கறப்பவே வண்டி ஒரு பக்கம் ஓடுனா காத்து, டயர், பிரேக் மூணையும் பாக்கணும். கம்ப்யூட்டர் கோணத்தை தான் அளக்கும், டயருக்குள்ள இருக்கற கம்பி பெல்ட்டை எப்படி சுத்தியிருக்காங்கன்னு அதுக்கு தெரியாது. புது டயர்லயும் ஒண்ணு ரெண்டு லேசா கூம்பு மாதிரி அமைஞ்சிடும், உருட்டி விட்ட டம்ளர் எப்படி ஒரு பக்கமா வளைஞ்சு போகுமோ அப்படி. இதை கண்டுபிடிக்க காசே வேணாம், முன் வீல் ரெண்டையும் ரிம்மோட கழட்டி இடம் மாத்தி மாட்டுங்க. இழுப்பு வலது பக்கம் போயிடுச்சுன்னா டயர்தான். இடது பக்கமே இருந்தா வேற பாக்கணும். மாத்துறதுக்கு முன்னாடி டயர் பக்கவாட்டுல அம்புக்குறி இருக்கான்னு பாத்துக்கங்க, இருந்தா மாத்தக் கூடாது.

பென்னாகரம்_டாக்ஸி:
தாத்தா சொன்னது சரி. ரோடே தண்ணி வடிய இடது ஓரமா சரிவாத்தான் போட்டிருப்பான், அதனால லேசா இடது பக்கம் போறது எல்லா வண்டிலயும் உண்டு, மட்டமான இடமா பாத்து டெஸ்ட் பண்ணுங்க. பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு இறங்கி ரெண்டு முன் வீல் பக்கமும் கையை கிட்ட கொண்டு போங்க, தொடாதீங்க, இடது மட்டும் அனலா அடிச்சா பிரேக்கை அழுத்துற கேலிப்பர் ஜாம்.

அப்புறம் வீல் நட் சார். அதை முதல்ல பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஏர் கன்னை வச்சு வரிசையா டர்ரு டர்ருன்னு நாலையும் அடிச்சு விட்டுடறானுங்க, குறுக்க குறுக்க டைட் பண்ணலைன்னா வீல் ஹப்புல (வீலை மாட்டுற நடுப்பகுதி) நேரா உக்காராது. லூசா இருந்தா அதுக்கு மேல. எனக்கு ஒரு தடவை தொப்பூர் இறக்கத்துல லோடோட போறப்ப டொக்கு டொக்குன்னு சத்தம், ஓரம் கட்டிப் பாத்தா மூணு நட்டு கையிலயே கழண்டு வருது. அன்னிக்கு குடிச்ச டீயை இன்னும் மறக்கல.

மாந்தோப்பு_சந்தூர்:
ரொம்ப நன்றிங்க. பிரேக் மிதிச்சா கூடுதலா ஒண்ணும் ஆடல. நட்டு நாலும் டைட்டாதான் இருக்கு, சொல்லப்போனா ஸ்பேனர் மேல ஏறி நின்னு மிதிச்சாதான் கழலுது. காத்து ரெண்டுலயும் 33. ரெண்டு வீலும் ஒரே சூடுதான். நாளைக்கு வீலை கழட்டிப் பாக்கறேன்.

ஸ்பேனர்_தாத்தா:
கழட்டுறப்ப ரிம்முக்கு உள்பக்கம் பாருங்க. ஹப்பு முகத்துல துரு செதில் செதிலா இருந்தா கம்பி பிரஷ் போட்டு தேய்ங்க, மணல் அளவு துரு மாட்டிக்கிட்டாலும் வீல் கோணலா உக்காரும். டயர் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிசு கோடு சுத்தி இருக்கும், அது ரிம்ல இருந்து எல்லா இடத்துலயும் ஒரே தூரத்துல தெரியணும். ஒரு இடத்துல முங்கியிருந்தா டயர் சரியா உக்காரலைன்னு அர்த்தம்.

மாந்தோப்பு_சந்தூர்:
தாத்தா, கையெடுத்துக் கும்பிடறேன். வலது வீலை கழட்டி தலைகீழா போட்டேன், ரிம்முக்கு உள்ள எங்க தோப்பு செம்மண்ணு காஞ்சு செங்கல் மாதிரி ஒட்டியிருக்கு. ஒரு இடத்துல உள்ளங்கை அகலத்துக்கு பேந்து போன தடம், அதுக்கு நேர் எதிரே மிச்ச மண்ணு. மழையில தோப்புக்குள்ள ஓட்டுனது. கழுவாம அப்படியே மிஷின்ல மாட்டி பேலன்ஸ் போட்டிருக்காங்க, மண்ணு பாதி எங்கயோ கொட்டிடுச்சு, பேலன்ஸுக்கு வச்ச ஈயக்கட்டி மட்டும் நிக்குது. மண்ணை ஸ்க்ரூ டிரைவர்ல நெம்பி எடுத்து சமையல் தராசுல வச்சேன், மிச்சமே 70 கிராம். வீட்டுக்காரம்மா தராசை வெளிய எடுத்துட்டுப் போங்கன்னு கத்துறாங்க.

கழுவி, ஹப்பு தேய்ச்சு, வேற கடையில பேலன்ஸ் மட்டும் போட்டேன். காரிமங்கலம் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன், 100லயும் ஸ்டீயரிங் அசையல.

டயர்ல அம்புக்குறி இல்ல, அதனால ரெண்டையும் இடம் மாத்தினேன். இழுப்பு இப்ப வலது பக்கம்! பழைய கடைக்காரரை பக்கத்துல உக்கார வச்சு ரோட்டுல கையை விட்டுக் காட்டினேன், ஒரு நிமிஷம் பேசவே இல்ல. கிளெய்ம் போடறேன்னு சொல்லியிருக்கார், அதுவரைக்கும் அந்த டயரை பின்னாடி மாட்டிக் குடுத்தார். பின்னாடி போனதும் இழுப்பு சுத்தமா தெரியல.

பென்னாகரம்_டாக்ஸி:
சூப்பர் சார். வீல் மாட்டி ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓடுனதும் நட்டை திரும்ப ஒரு தடவை பாத்துடுங்க. துரு தேய்ச்சிருக்கீங்க இல்ல, கொஞ்சம் உக்காரும்.

மாந்தோப்பு_சந்தூர்:
இன்னிக்கு காலையில பாத்தேன். வலது முன் வீல்ல ஒரு நட்டு டைட் பண்ணப்ப இன்னும் கால் சுத்து போச்சுங்க.