கரைவலையில் ஏறும் கொம்பன் சுறாக்குட்டிகளை உயிரோடு விடுவது எப்படி?

வாடிக்காரன் (முல்லைத்தீவு):
நாயாறுப் பக்கம் கரையில நிண்டு இழுக்கிற கரைவலையின்ர மடியில (மீன் சேருற பைப்பகுதி) கொம்பன் சுறாக்குட்டி (சுத்தியல் மாதிரித் தலை உள்ளது), உழுவை (சுறா மாதிரி இருக்கிற திருக்கை வகை), பால்சுறா எல்லாம் கலந்து ஏறுது. கொம்பன் குட்டி ஒரு முழம்தான் வரும், பெரிய விலையும் இல்லை. திரும்ப எறிஞ்சாலும் கனக்கச் செத்துக் கரைக்கே ஒதுங்குது. எதை முதல் விடவேணும், எப்பிடிப் பிடிச்சு விட்டால் பிழைக்கும்? சட்டப்படி தொடவே கூடாத சுறாக்கள் எவை? திருக்கைவலை போடுற ஆக்களுக்கும் சொல்லவேணும், விளக்கமா எழுதுங்கோ.

நெய்தல்:
தம்பி, எறியிற விதத்தை விட மடிக்குள்ள கிடக்கிற நேரம்தான் பெரிய காரணம். கொம்பன் நீந்திக்கொண்டிருந்தால்தான் வாயால போற தண்ணி செவுளுக்குள்ளால ஓடும். மடி இறுகி அசையேலாமப் போனால் கெதியா மூச்சு முட்டிச் செத்திடும். உழுவை கண்ணுக்குப் பின்னால உள்ள துவாரத்தால தண்ணி இழுத்து, நிலத்தில கிடந்தபடியே மூச்சு விடும். அதால முதல் கொம்பன், பிறகு பால்சுறா, கடைசியா உழுவை. கடைசி எண்டதுக்காக உழுவையை வாடிக்குக் கொண்டுபோயிடாதேங்கோ. பெரும்பாலான உழுவை இனங்கள் உலகத்திலேயே அழியிற விளிம்பில நிக்குது.

மடி மணலில ஏறமுதல், இடுப்பளவு தண்ணியில நிக்கேக்கையே கை போட்டு எடுங்கோ. மணலில ஏறினால் மற்ற மீன்ர பாரம் நசுக்கும், செவுளுக்க மண் போகும். ஒரு கை நெஞ்சுச் செட்டைக்குக் கீழ, மற்றக் கை வால் அடியில. வாலில தூக்கித் தொங்கவிடவே கூடாது. சுறாவுக்கு விலா எலும்பு இல்லை, உள்ளுறுப்புகள் சொந்தப் பாரத்திலேயே இழுபட்டுக் காயப்படும். கொம்பனைத் தலையின்ர ரெண்டு முனையில பிடிக்கிற பழக்கம் இருக்கு, அதையும் விடுங்கோ; கண் அங்கதான் இருக்கு.

விடேக்க முகம் கடலைப் பார்க்க, அலை உடையிற இடம் தாண்டி. சில பேர் முன்னும் பின்னும் ஆட்டுவினம். பின்னால இழுத்தால் தண்ணி செவுளுக்குள்ள எதிர்ப்பக்கமாப் போகும். முன்னால மட்டும் மெல்லத் தள்ளி, வால் தானா அடிக்கத் தொடங்கினாப் பிறகு கை எடுங்கோ.

பூநகரியான்:
இலங்கைச் சட்டத்தைச் சொல்லுறன். நீண்ட வால் உள்ள கசையால் சுறா 2012 இல இருந்து தடை. 2015 ஒழுங்குவிதிகளில திமிங்கிலச்சுறாவும், செட்டை நுனி வெள்ளையான ஆழ்கடல் சுறாவும் சேர்ந்தது. செட்டையை வெட்டிப்போட்டு உடலைக் கடலில எறியிறது 2001 இல இருந்தே குற்றம். செட்டை உடலோட சேர்ந்தபடிதான் கரைக்கு வரவேணும். கொம்பன் இந்தப் பட்டியலில இல்லை, ஆனால் அதின்ர செட்டை ஏற்றுமதிக்கு 2014 இல இருந்து சர்வதேச அனுமதிப்பத்திர முறை இருக்கு.

திருக்கைவலைக்காரர் இரவு முழுக்க வலையை விடுறதுதான் சிக்கல். கிடக்கிற நேரம் குறையக் குறைய உயிரோட வாறது கூடும். நீளக் கயிற்றில கனக்கத் தூண்டில் கட்டுற ஆயிரங்கால் தூண்டிலில கம்பி முடிச்சுக்குப் பதிலாத் தங்கூசி (நைலோன் நரம்பு) கட்டினால் சுறா கடிச்சு அறுத்துக்கொண்டு போயிடும்.

இதில ஏன் இவ்வளவு கவனம் எண்டால், சுறா மற்ற மீன்கள் மாதிரி லட்சக்கணக்கில முட்டை போடுறதில்லை. பால்சுறா ஏறக்குறைய ஒரு வருசம் வயித்தில சுமந்து ஒண்டுதொட்டு எட்டுக் குட்டிதான் போடும். கசையால் அனேகமா ரெண்டு. 1970 தொடக்கம் 2018 வரை உலகளவில ஆழ்கடல் சுறா, திருக்கைகளின்ர எண்ணிக்கை 71 சதவீதம் குறைஞ்சுபோச்சு. கரைக்கு வாற கொம்பன் குட்டிகள் ஆழம் குறைஞ்ச தண்ணியில வளர வந்ததுகள். இங்க பிடிச்சு முடிச்சால் ஆழ்கடலுக்குப் போகப் பெருசு இராது.

கொக்கிளாய்த் தங்கச்சி:
பால்சுறா வறை (அவிச்சு உதிர்த்துத் தேங்காய்ப்பூவோட வறுக்கிற கறி) பற்றியும் சொல்லவேணும், பிள்ளை பெத்த வீட்டில அதுக்குத்தான் கேள்வி. சுறா மற்ற மீன்களைத் தின்னுற வேட்டை மீன், அதால தசையில பாதரசம் சேரும். பெரிய சுறாவில இன்னும் கூட. அவிச்சாலும் பொரிச்சாலும் போகாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிக்கும் பால் குடுக்கிற தாய்க்கும் சுறாவைத் தவிர்க்கச் சொல்லுது. அதே பக்குவத்தில, உள்ளி, மிளகு, தேங்காய்ப்பூவோட சின்னப் பாரையை அவிச்சு, முள்ளைக் கவனமா எடுத்து வறை செய்யலாம். காரல் சொதி இருக்கவே இருக்கு.

வாடிக்காரன்:
நன்றி. திமிங்கிலச்சுறா கரைவலைக்குள்ள மாட்டினால்?

நெய்தல்:
வாலில கயிறு கட்டி இழுக்கக்கூடாது, அது பின்பக்கமா இழுபட்டுச் செத்துப்போகலாம். இழுப்பை உடன நிப்பாட்டி, மிதப்புக் கயிற்றை ஒரு பக்கம் தண்ணிக்குக் கீழ அமுக்கி வழி விடுங்கோ. சிக்கியிருந்தால் தலைப்பக்கத்தால வலையை வெட்டுங்கோ. வாலடிக்கு எட்டின தூரத்தில ஒருத்தரும் நிக்கவேண்டாம்.